மரம் வெட்டுவது வேறு, காட்டை அழிப்பது வேறு

கேள்வி: என் மகளுடைய நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் மரமும் ‘டிக்’ குறியும் சேர்ந்த ஒரு முத்திரை இருக்கிறது. பொறுப்பாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்த காகிதம் என்று அர்த்தமாம். இப்படிக் காட்டை நிர்வகிக்க உலகம் முழுக்க எத்தனையோ அமைப்புகள். முப்பது வருடமாகக் கூட்டம் போடுகிறார்கள். காடு அழிவது மட்டும் நிற்கவில்லை. மர வியாபாரிகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் தரகர்கள்தானே இவர்கள்? மரத்தை வெட்டவே கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் என்ன?
— கும்பகோணம் வாசகி ஒருவர்

பதில்: ஒரே வரியில் சொல்லிவிட்டால் பல இடங்களில் காடு இன்னும் வேகமாக அழியும். வாதத்துக்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பார்த்த இடங்களில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

காட்டை யார் அழிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2021-இல் சொன்ன கணக்குப்படி, உலகில் அழியும் காட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் விவசாயத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் போகிறது. மாட்டுப் பண்ணை, சோயா, எண்ணெய்ப் பனை. நாலு மரத்தை வெட்டிக்கொண்டு ஒருவன் போய்விட்டால் காடு மறுபடி தழைக்கும். நெருப்பு வைத்து நிலத்தைத் துடைத்துவிட்டுப் புல் விதைக்கிறவன் வந்தால் தழைக்காது. மரம் ஏற்றப் போட்ட பாதை வழியாகத்தான் பல இடங்களில் அவன் உள்ளே வருகிறான் என்பதும் உண்மை. ஆகவே வெட்டுவதில் கவனம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் மகள் நோட்டில் இருக்கும் முத்திரை. 1992-இல் ரியோ டி ஜெனிரோ பூமி மாநாட்டில், காடுகளுக்கென்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள். நடக்கவில்லை. எதிர்த்தவர்களில் மலேசியாவும் நம் இந்தியாவும் முன்வரிசையில் நின்றன. தங்கள் காட்டை எப்போதோ வெட்டித் தீர்த்துவிட்ட நாடுகள் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்ற அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. கடைசியில் யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு கொள்கை அறிக்கையோடு கலைந்தார்கள். அந்த ஏமாற்றத்தில்தான் 1993-இல் டொரொண்டோவில், இந்த முத்திரைக்குச் சொந்தமான எஃப்.எஸ்.சி. என்கிற வனப் பராமரிப்பு மன்றம் பிறந்தது. அரசுகள் செய்யாததைச் சந்தை மூலம் செய்வோம், ஒழுங்காக வெட்டுகிறவனுக்குச் சான்றிதழ் தருவோம், வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்கட்டும் என்பதுதான் யோசனை.

அதன் அமைப்பு முறை எனக்குப் பிடித்த ஒன்று. உறுப்பினர்களை மூன்று அவைகளாகப் பிரித்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல்காரர்கள் ஓர் அவை, தொழிலாளர், பழங்குடிகள் முதலானோருக்காகப் பேசும் சமூக அவை ஒன்று, வியாபாரம் செய்கிறவர்கள் ஓர் அவை. மூன்றுக்கும் சம ஓட்டு. ஒவ்வோர் அவைக்குள்ளும் பணக்கார வடக்கு நாடுகளுக்குப் பாதி, தெற்கு நாடுகளுக்குப் பாதி. மர வியாபாரிகள் மட்டும் கூடி ஒரு விதியை நிறைவேற்றிவிட முடியாது. தரகர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட இவர்கள் அவ்வளவு எளிமையான ஆட்களும் இல்லை.

ஆனால் விதிப் புத்தகம் நன்றாக இருந்தால் போதுமா? போதாது. காட்டைத் தணிக்கை செய்ய வரும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பது, தணிக்கைக்கு உள்ளாகும் கம்பெனியே. பரீட்சை எழுதுகிற பையனே தாள் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது போல. மேற்பார்வைக்குத் தனி அமைப்பு இருக்கிறது என்றாலும் இந்த அடிப்படைக் கோளாறு இன்றுவரை தீரவில்லை. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் தேக்குக் காடுகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனம் பெர்ஹுதானி. உலகிலேயே முதன்முதலாக, 1990-இல், சான்றிதழ் வாங்கியது அதுதான். அப்போது இந்த மன்றம்கூடப் பிறக்கவில்லை. திருட்டு வெட்டும், சுற்றியிருந்த கிராமத்தாரோடு தீராத தகராறுமாகப் போய், 2001-இல் சான்றிதழ் பறிபோனது. மன்றத்தை ஆரம்பித்த அமைப்புகளில் ஒன்றான, சுற்றுச்சூழலுக்காகப் போராடும் கிரீன்பீஸ் இன்டர்நேஷனல், 2018-இல் உறுப்பினர் பதவியைப் புதுப்பிக்காமல் விலகிக்கொண்டது. மெக்சிகோவில் சான்றிதழ் பெற்ற காடுகளை ஆராய்ந்து அதே ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்றுக்கு, சான்றிதழால் காடழிப்பு குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. சான்றிதழ் பெற்ற காட்டில் பெரும்பகுதி கனடா, ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளில் இருக்கிறது. காடு பற்றி எரியும் வெப்பமண்டலத்துக்குக் கிடைத்தது சின்னப் பங்குதான்.

மற்ற அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவின் சிறு காட்டு உடைமையாளர்கள், இந்த முத்திரைக்கு ஆகும் செலவும் கெடுபிடியும் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று 1999-இல் பி.இ.எஃப்.சி. என்று இன்னொன்றைத் தொடங்கினார்கள். நாட்டுக்கு நாடு உள்ள திட்டங்களை அங்கீகரிக்கும் குடை அமைப்பு அது. பரப்பளவில் இன்று அதுதான் பெரியது. மரக் கம்பெனிகளின் கை அதில் ஓங்கியிருக்கிறது என்பது சூழல் அமைப்புகளின் பழைய புகார். யோகோஹாமாவில் 1986-இலிருந்து வெப்பமண்டல மரங்களுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. மரம் விற்கும் அரசுகளும் வாங்கும் அரசுகளும்தான் அங்கே உறுப்பினர்கள். காட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை.

அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் வர நினைத்தேன். காட்டுக்குள் குடியிருப்பவர்கள். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவின் வடக்கு மூலையில் பெதேன் என்றொரு மாகாணம். அங்கே 1990-இல் சுமார் 21 லட்சம் ஹெக்டேரை மாயா உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஒரு பகுதி, நீங்கள் கேட்பது போலவே, மரத்தைத் தொடக்கூடாத தேசியப் பூங்காக்கள். இன்னொரு பகுதியில், பலத்த சண்டைக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு, 1994-இலிருந்து காட்டை அங்கங்கே உள்ள ஊர்களுக்கே 25 வருட ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்குள் எஃப்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்பது நிபந்தனை. உவாஷக்துன் என்ற ஒரே ஊருக்கு 83,000 ஹெக்டேருக்கு மேல்.

அவர்கள் வெட்டும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு துண்டில் மட்டும்தான் வேலை. வெட்டுவதற்கு முன் அந்தத் துண்டில் உள்ள பெரிய மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, எண் போட்டு, வரைபடத்தில் குறிப்பார்கள். குறிப்பிட்ட பருமன் வராத மரத்தைத் தொடக்கூடாது. விதைக்கென்று நல்ல தாய் மரங்களை விட்டுவைக்க வேண்டும். முக்கியமாக மகோகனி. அரசு அதிகாரி திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ரம்பம் உள்ளே போகும். பிறகு தணிக்கைக்கு வருகிறவர், வெட்டிய அடிக்கட்டையையும் வரைபடத்தில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். வெட்டி முடித்த துண்டு பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும்.

மரம் மட்டுமல்ல. சூயிங்கம்முக்கு ஆதியில் பால் கொடுத்த மரம் அந்தக் காட்டில் உண்டு. வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் சப்போட்டாதான். ஷாத்தே என்ற குட்டைப் பனை ஒன்றும் உண்டு. அதன் ஓலை பூங்கொத்துகளுக்கும், குருத்தோலை ஞாயிறுக்குத் தேவாலயங்களுக்கும் அமெரிக்காவுக்குப் போகிறது. முன்பு எத்தனை ஓலை என்று எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தார்கள். கண்டதையும் அறுத்து வருவார்கள், அதில் நிறைய கழிவாகப் போகும். பிறகு தரத்துக்குக் கூலி என்று மாற்றினார்கள். ஊரிலேயே கொட்டகை போட்டுப் பெண்கள் ஓலையைத் தரம் பிரித்தார்கள். நல்ல ஓலைக்குத்தான் காசு என்றானதும் ஆட்கள் நல்லதை மட்டும் அறுத்தார்கள். செடி பிழைத்தது, பெண்களுக்குச் சம்பளமும் வந்தது.

பலன்? தொடக்கூடாத பூங்காக்களில் ஒன்றான லகுனா தெல் டிக்ரே, மாட்டுப் பண்ணைக்காரர்களின் கையில் சிக்கிப் பெரும் பகுதி காட்டை இழந்துவிட்டது. போதைப்பொருள் பணத்தை மாட்டுப் பண்ணையில் போட்டு வெளுக்கும் கூட்டமும் அவர்களில் உண்டு. காவலுக்கு ஆளில்லை, இருந்த ஆட்களுக்கு உயிர்ப் பயம். மரம் வெட்டி விற்கும் ஊர்களின் காட்டிலோ, சுமார் மூன்றரை லட்சம் ஹெக்டேரில், காடழிப்பு ஏறக்குறைய இல்லை. கோடை வந்தால் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ரோந்து போகிறவர்களும் அவர்கள்தான். பிள்ளைகளின் படிப்புச் செலவே அந்தக் காட்டிலிருந்து வருகிறது என்கிறபோது அதைக் கொளுத்த யாரை விடுவார்கள்? பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைச் சுற்றி வெட்டு இல்லாத பெரிய பூங்கா அமைக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது, நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தியவர்களும் இவர்களே.

எல்லா ஊரிலும் இது பலித்துவிடவில்லை. சில ஊர்கள் நிலத்தை மாட்டுக்காரர்களுக்குக் கைமாற்றிவிட்டன, அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காட்டை நம்பிப் பிழைத்துப் பழகாத, புதிதாகக் குடியேறிய விவசாயிகள் இருந்த இடங்கள் அவை. அதே சான்றிதழ், அதே நிபந்தனைதான். வேறாக இருந்தது மனிதர்களுக்கும் காட்டுக்கும் இருந்த உறவு.

நேபாளத்திலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு 22,000-க்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்களிடம் காடு ஒப்படைக்கப்பட்டது. விறகும் புல்லும் எப்போது, யார், எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். 1992-இல் நாட்டின் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் 45 சதவீதம். பெரும்பாலான குழுக்களிடம் எந்த முத்திரையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முத்திரையைப் பற்றி என் கருத்து இதுதான். காடு தங்களுடையது என்று சட்டப்படி சொல்ல முடிகிற மக்களிடம் அது போய்ச் சேர்ந்தால் நல்ல கருவி. தங்கள் மரத்துக்கு வெளிநாட்டுச் சந்தையில் கதவு திறக்க அது உதவுகிறது. அந்த உரிமை இல்லாத இடத்தில் அது ஒட்டிவைத்த தாள்.

நோட்டை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். நம் ஊர்க் காகித ஆலைகளுக்குப் போகும் மரம் பெரும்பாலும் விவசாயி வயலில் நட்ட சவுக்கும் தைலமரமும்தான். கரூர் காகிதபுரம் ஆலை கரும்புச் சக்கையை நம்பியே ஆரம்பிக்கப்பட்டது. முத்திரைக்குக் கீழே ‘மிக்ஸ்’ என்று இருந்தால் முழுக்கச் சான்றிதழ் பெற்ற காட்டு மரம் அல்ல, கலப்பு என்று பொருள். ‘100%’ என்பதும் ‘ரீசைக்கிள்ட்’ என்பதும் அதைவிடத் தெளிவானவை.

அமைப்புகள் மேல் கோபப்பட வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், காட்டில் வாழும் பழங்குடிகளின், உள்ளூர் மக்களின் நில உரிமைக்கென்று 170 கோடி டாலர் தருவதாகச் சில அரசுகளும் அறக்கட்டளைகளும் அறிவித்தன. முதல் ஆண்டில் செலவான பணத்தில் அந்த மக்களின் அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம். ஏறக்குறைய பாதி சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போயிற்று. நிலைத்த வன நிர்வாகம் பற்றி அழகாக அறிக்கை அச்சிடும் எந்த அமைப்பிடமும் இதைக் கேளுங்கள்: உங்கள் பணத்தில் காட்டில் இருப்பவர் கைக்கு நேரடியாக எவ்வளவு போகிறது? உங்கள் நிர்வாகக் குழுவில் அவருக்கு ஓட்டு உண்டா? எஃப்.எஸ்.சி.யும் பதில் சொல்லட்டும், மற்றவர்களும் சொல்லட்டும்.