மருத்துவர் பதில்: வயிற்றுப் பிள்ளையின் மூளையும் அம்மாவின் மாத்திரையும்

கேள்வி: எனக்கு 27 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். 2019இல் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று முதல் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மகனுக்குத் தொற்று இல்லை என்று பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இரண்டரை வயதுக்கு மேல்தான் பேச ஆரம்பித்தான். இன்றும் கோர்வையாகப் பேச வரவில்லை. இப்போது மீண்டும் நான்கு மாதம். எச்.ஐ.வி. மாத்திரை கருவில் இருக்கும் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று செல்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். பயந்துபோய்ப் பதினொரு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. நான் செய்தது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, இன்றிரவே அந்த மாத்திரையை விழுங்குங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். டப்பாவில் மாத்திரை மிச்சம் இருக்கும். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்றாக விழுங்கிவிடாதீர்கள். எப்போதும்போல் ஒன்றே ஒன்று. நாளைக் காலையே வழக்கமாக எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், பதினொரு நாள் நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அங்கே திட்டு விழும் என்று பயந்து, "தவறாமல் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் அதிகம். சொன்னால்தான் அவர்கள் ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்ப்பார்கள். அந்த அளவுதான் உங்கள் பிள்ளையின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் எனக்கு வேலை எளிது. அதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதுதான் வம்பு.

உங்கள் மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். மூன்றும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகின்றன. ஒருவகையில் அது நல்லதும்கூட. பிரசவ நேரத்தில் வைரஸ் உள்ளே நுழையப் பார்த்தால், குழந்தையின் ரத்தத்தில் ஏற்கெனவே மருந்து காவல் நிற்கிறது.

டோலுடெக்ராவிர் மேல் 2018 மே மாதம் ஒரு பெரிய சந்தேகம் விழுந்தது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் பிறக்கும் குழந்தைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள், கருத்தரிக்கும்போதே இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 பெண்களின் பிள்ளைகளில் நால்வருக்கு மூளை, தண்டுவடக் குறைபாட்டைப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. உலகமே பதறியது. பல நாடுகளில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்து வேண்டாம் என்றார்கள். போட்ஸ்வானாக்காரர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டே 1,683 பிரசவங்களில் ஐந்து என்று அந்த விகிதம் சரிந்தது. 2022இல் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்து, மற்றப் பெண்களின் பிள்ளைகளுக்கு இருக்கும் விகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. 2019லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதையே முதல் மருந்தாகச் சொல்லிவிட்டது. வீடியோ எடுத்தவர் 2018ஆம் வருடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் குறைபாடு, கரு உருவான முதல் 28 நாட்களுக்குள் நேரும் ஒன்று. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் குழாய் அதற்குள் மூடிக்கொண்டுவிடும். உங்களுக்கு நான்கு மாதம். நடவு முடிந்த வயலில் நாற்றங்காலைப் பற்றிக் கவலைப்படுவது போன்றது இது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் தலை, முதுகெலும்பு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அதைத் தவறவிடாதீர்கள்.

இனி வைரஸைப் பற்றி. மாத்திரை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு, தாய்ப்பால் காலத்தையும் சேர்த்து, நூற்றுக்கு 15 முதல் 45 வரை. மாத்திரையால் வைரஸ் அடங்கியே இருந்தால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் இந்தியாவில் அரசு இலவசமாக இந்த மருந்து கொடுக்கவில்லை. 2004 ஏப்ரலில்தான் அது தொடங்கியது. அதற்கு முன் பார்த்த பிள்ளைகளை மறக்க முடியவில்லை. எட்டாம் மாதத்தில் உட்கார்ந்த குழந்தை பன்னிரண்டாம் மாதத்தில் உட்காராது. சொன்ன சொல்லை மறந்துவிடும். கால்கள் விறைத்துக்கொள்ளும், தலை வளராது. பச்சைக் குழந்தையின் மூளைக்குள் அந்த வைரஸ் சீக்கிரமே புகுந்துவிடுகிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. மூளையைக் கெடுப்பது எது என்று கேட்டால் நான் கை நீட்டுவது வைரஸை நோக்கித்தான்.

உங்கள் மூத்த மகன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் மேலோட்டமாகச் சொன்னாலும் உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2019இல் உங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் பெரும்பாலும் டோலுடெக்ராவிருக்குப் பதிலாக எஃபாவிரன்ஸ் என்ற மருந்து இருந்திருக்கும். தலைசுற்றலும் விசித்திரமான கனவுகளும் வந்தது நினைவிருந்தால் அதுதான். குரங்குகளிடம் நடந்த சோதனையில் குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் தெரிந்ததால் அதன் பெயர் முதலிலேயே கெட்டது. மனிதக் குழந்தைகளில் அந்தப் பிறவிக் குறைபாடுகள் அதிகரித்ததாகப் பின்னால் தெரியவில்லை. ஆனால் கருவில் அதைப் பெற்ற குழந்தைகளுக்குச் சொன்னதைப் புரிந்துகொள்ளும் திறன் இரண்டு வயதில் சற்றுக் குறைவாக இருந்ததாகப் போட்ஸ்வானாவில் ஓர் ஆய்வு சொன்னது. தலைச் சுற்றளவு சிறுத்திருப்பது கூடுதலாகக் காணப்படுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்றும் சொன்னது. இவை பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் மகனின் தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று என்னால் கைகாட்ட முடியாது. வேறு எந்த மருத்துவராலும் முடியாது.

தொற்றே இல்லாத, ஆனால் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள் உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் பேச்சில் சிறு பின்னடைவு தெரிகிறது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, குறைமாதப் பிறப்பு, ரத்தசோகை, வறுமை, தாயின் மனக்கவலை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவைப் பிரிப்பது போன்றது.

பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் அவனுடைய காதைப் பரிசோதியுங்கள். தாமதமாகப் பேசும் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமலே "அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று விட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கென்றே மாவட்ட மையம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி இலவசம். பள்ளி வயது ஆகிவிட்டது, இனிமேல் என்ன என்று நினைக்காதீர்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கு உங்கள் சமையலறையிலேயே ஒரு வேலை இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்தில் இருப்பதால் உங்கள் பகுதியில் பல வீடுகளில் உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே வாங்கிப் புழங்குகிறார்கள். அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் அயோடின் பற்றாக்குறை பிள்ளையின் அறிவு வளர்ச்சியை நேரடியாகப் பாதிக்கும். தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் உலகெங்கும் முன்னால் நிற்பது இதுதான். மாத்திரையைக் கண்டு பயந்த அளவில் பத்தில் ஒரு பங்கு உப்பைப் பார்த்துப் பயந்திருந்தால்கூட நான் மகிழ்ந்திருப்பேன். அயோடின் கலந்த உப்பு என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். நடவு, களையெடுப்பு என்று வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவராக இருந்தால் கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் வரலாம். கிராம சுகாதாரச் செவிலியர் இந்த மாதங்களில் தரும் பூச்சி மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் தரும் சத்து மாத்திரைகளைப் பற்றியும் முக்கியமான ஒன்று. இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் அதை உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மாமியாரின் கண்ணுக்குத் தப்ப எல்லாவற்றையும் ஒரே கையில் போட்டு விழுங்குகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எச்.ஐ.வி. மாத்திரையை இரவு பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேநீர் இல்லாமல். கால்சியம் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் எச்.ஐ.வி. மாத்திரைக்கும் நடுவே இதேபோல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்.

பிறந்த பிறகு, தொற்றைத் தடுக்க, பிள்ளைக்கு நெவிரபின் என்ற சொட்டு மருந்து தருவார்கள். ஆறாவது வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை. மூத்தவனுக்குச் செய்தது போலவே பதினெட்டாம் மாதம் வரை தொடர்ந்து வர வேண்டும், ஏனெனில் அதற்கு முன் சாதாரணப் பரிசோதனையில் தெரிவது, வைரஸை எதிர்க்க உங்கள் உடம்பு உண்டாக்கிப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்த எதிர்ப்பொருளாகக்கூட இருக்கலாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வரும் பெரியவர்களை எப்படித் தடுப்பது என்று இப்போதே கணவரோடு பேசி வையுங்கள். தாய்ப்பாலோடு மற்றதைக் கலப்பது இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று என் தலையில் பழியைப் போடலாம்.

வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி மருத்துவமனையில் யாரும் உங்கள் சம்மதம் இல்லாமல் இதை மாமியாரிடமோ செவிலியர் மூலம் ஊரிலோ சொல்லக் கூடாது. நேரில் கேட்கத் தயங்கினால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மையத்துக்குப் போகும்போது பெரியவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். காதுப் பரிசோதனைக்குத் தனியாக இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.