இல்லாத சிலையை அளப்பது எப்படி? போரில் அழிந்த சின்னங்களின் கணினி மீட்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் இரண்டையும் 2001இல் தாலிபான்கள் தகர்த்துவிட்டார்கள். அப்புறம் எதை அளந்து முப்பரிமாண மாதிரி செய்தார்கள்?

பதில்: பழைய படங்களைத்தான். 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ஒருவர், அளவெடுப்பதற்கென்றே செய்த கேமராவில் பெரிய புத்தரைப் படம் பிடித்து வைத்திருந்தார். சூரிச் குழு ஒன்று அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றியது. ஒரே புள்ளி இரண்டு மூன்று படங்களில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் அதன் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். உடம்பின் வடிவத்தை மென்பொருள் நன்றாகவே பிடித்தது. அங்கியின் மடிப்புகளில் கோட்டை விட்டது. மெல்லிய வரம்புகளை வழவழவென்று இழைத்துவிட்டது. கடைசியில் மடிப்புகளை ஆள் உட்கார்ந்து கையால் குறித்தார்கள். இணையத்தில் கிடைத்த சுற்றுலாப் படங்களை வைத்தும் முயன்றார்கள். உருவம் வந்தது, நுணுக்கம் வரவில்லை.

கேள்வி: சிரியாவின் பழைய நகரமான பால்மைராவுக்கு, போரில் அது சிதைவதற்குப் பல வருடங்களுக்கு முன் போயிருந்தோம். வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படங்கள் உதவுமா?

பதில்: உதவும். ஆள் நிற்கிறார் என்று எதையும் ஒதுக்காதீர்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் தெரியும் தூண் வேறு யார் படத்திலும் இல்லாமல் இருக்கலாம். ஓரங்களை வெட்டவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அசல் கோப்பையே கொடுங்கள். பிலிம் நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: படத்தை வைத்து உயரம் எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. படம் வடிவத்தைத்தான் தரும். பழைய அகழாய்வு அறிக்கையில் ஒரு கல்லின் அகலம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

கேள்வி: 2016இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைத்த பால்மைரா வளைவின் நகல் எப்படி?

பதில்: எகிப்தியப் பளிங்கில் இயந்திரம் செதுக்கியது, அசலைவிடச் சிறியது. எனக்குப் பிடிக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் வெயில் தின்ற கல்லை, நேற்று கடையில் வாங்கியது போல ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: மாதிரி கையில் இருந்தால் திரும்பக் கட்டிவிடலாமே?

பதில்: போஸ்னியாவின் மோஸ்டர் பாலம் போரில் 1993இல் விழுந்தது, 2004இல் திரும்ப நின்றது. ஆனால் கட்டுவதா வேண்டாமா என்பது அந்த ஊர்க்காரர்கள் பாடு.

கேள்வி: படம் கிடைக்காத பகுதியைச் செயற்கை நுண்ணறிவு நிரப்பிவிடாதா?

பதில்: நிரப்பும், அதுதான் பயமே. கூச்சமே இல்லாமல் ஒரு மூக்கை ஒட்டிவைக்கும், பார்ப்பவரும் நம்பிவிடுவார். அதனால் ஊகித்த இடத்தை வேறு நிறத்தில் காட்டச் சொல்வேன். முகம் பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தெரியட்டும். பாமியான் பெரிய புத்தருக்கு, தகர்க்கும் முன்பே முகத்தின் பெரும்பகுதி இல்லை.