முதல்முறை வருபவர் – கடிதம்

வணக்கம்.

அடுத்த மாதம் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறேன். இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பறப்பதில் பயமில்லை, இறங்கிய பிறகு என்ன என்பதுதான் பயம். அந்த விமான நிலையத்தின் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். உள்ளே நடந்தபடி எடுத்த காணொளிகள் குறைந்தது முப்பது பார்த்திருப்பேன். இருந்தும் இரவில் தூக்கம் வருவதில்லை. முதல்முறை வருபவன் என்று யாருக்கும் தெரியாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. முன்னால் போகிறவர்களைப் பின்தொடர்ந்தால் போதுமா? அதிகாரியிடம் எவ்வளவு சொல்லலாம்? பெட்டி வராவிட்டால் என்ன செய்வது? உங்கள் பயணக் கட்டுரைகளைப் படித்த நம்பிக்கையில் கேட்கிறேன். வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயணக் கட்டுரைகளை நம்பி வழி கேட்காதீர்கள். எழுதியவன் வழி தெரியாமல் விழித்த பக்கங்களை அவனே வெட்டியிருப்பான்.

வரிசை சின்னது, முதலில் சொல்லிவிடுகிறேன். இறங்கியதும் ‘வருகை’ என்ற பலகை காட்டும் வழி. பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி எடுக்கும் கூடம், சுங்கம், வெளிவாசல். பெரும்பாலான நாடுகளில் இதே வரிசைதான். சுங்கத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு வழிகள் இருந்தால், அறிவிக்க வேண்டிய பொருள் வைத்திருப்பவருக்குச் சிவப்பு. அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததற்கு வேண்டாம். பெட்டி வராவிட்டால் சுங்கத்தைத் தாண்டும் முன்பே, அந்தக் கூடத்திலேயே புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை ஒப்படைத்தபோது தந்த, பத்து இலக்க எண்ணுள்ள சீட்டு அப்போது தேவைப்படும். எங்கோ செருகிவைத்து மறந்துவிடாதீர்கள்.

பின்தொடர்வது வேண்டவே வேண்டாம். பெரிய நிலையங்களில் உங்களோடு இறங்குகிறவர்களில் பலர் அந்த ஊருக்கு வந்தவர்களே அல்ல, அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்கள் பின்னால் போனால் இன்னொரு விமானத்தின் வாசலில் போய் நிற்பீர்கள்.

வரைபடத்தை எதற்கு மனப்பாடம் செய்தீர்கள்? மொழி தெரியாதவர், தூங்காதவர், பதற்றத்தில் இருப்பவர், முன்பின் வந்திராதவர் ஆகியோருக்காகவே யோசித்துக் கட்டப்படும் கட்டடம் அது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்துக்கு 1967-இல் பலகைகளை வடிவமைத்த பென்னோ விஸ்ஸிங், பயணி போக வேண்டிய வழியைக் காட்டும் பலகைகளுக்கு மஞ்சளையும் மற்ற வசதிகளைக் காட்டுபவற்றுக்குப் பச்சையையும் வைத்தார். பாரிஸில் 1974-இல் திறந்த சார்ல் த கோல் நிலையத்துக்காகவே அட்ரியன் ஃப்ரூட்டிகர் ஓர் எழுத்துரு வரைந்தார். தூரத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நடந்துகொண்டேயும் படிக்க முடிய வேண்டும் என்பது அவர் முன் இருந்த வேலை. அதே ஆண்டு அமெரிக்காவில் போக்குவரத்துத் துறைக்காக 34 குறிப்படங்கள் வரையப்பட்டன. 1979-இல் இன்னும் 16 சேர்ந்து 50 ஆயின. உலகம் முழுவதும் இன்று கழிப்பறைக் கதவில் நிற்கும் அந்த ஆணும் பெண்ணும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. இத்தனை பேர் உங்களை நினைத்து உழைத்திருக்கிறார்கள். நீங்களோ தெரிந்தவர் மாதிரி பலகையைப் பார்க்காமல் நடக்கப் போகிறேன் என்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரி அதுதான். முதல்முறை என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். ஏன் கூடாது? யார் அந்த ‘யாரும்’? இனி ஒருபோதும் பார்க்கப்போகாத ஆட்களிடம் எதற்கு இந்த நாடகம்?

கோபப்படுகிறேன் என்று தெரிகிறது. காரணம் நீங்கள் அல்ல.

சென்ற வாரம் ஒரு பயணத்துக்காக, நாட்டுக்குள் நுழைகிறவர் தன் விவரங்களைத் தரும் மின்னணு வருகை அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தேன். பல நாடுகளில் காகித அட்டை போய்விட்டது. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து என எல்லாம் இணையத்தில்தான். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இந்த மூன்று நாடுகளின் அட்டைக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் அரசுடையது அல்ல, உடனே மூடிவிடுங்கள். பிறந்த தேதியைக் கேட்ட இடத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனிப் பட்டியல் விரிந்தது. தப்பாக எழுதவே வழியில்லை. அந்தத் திரையை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் பயணத்தில் காகித அட்டை. விமானம் தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கொடுத்தார்கள். என்னிடம் பேனா இருந்தது. அதை எடுத்து மடமடவென்று எழுதிய தோரணையைப் பார்த்து, பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் நீட்டினார். என் மொழிக்காரர். மகனைப் பார்க்கப் போகிறார். “தம்பி அடிக்கடி போய்வருகிறவர் போலிருக்கிறது” என்றார். நான் மறுக்கவில்லை. சிரித்துவைத்தேன்.

வெளிநாட்டில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அது அமெரிக்க வழக்கம். நாங்கள் இறங்கப்போனது அமெரிக்காவும் அல்ல. கட்டங்களுக்கு மேலே நாள், மாதம், ஆண்டு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. விவரம் தெரிந்தவன் கட்டத்துக்கு மேலே பார்ப்பானா? நவம்பர் 7-இல் பிறந்தவரை ஜூலை 11-இல் பிறக்க வைத்தேன். என் அட்டையையும் அப்படியே புரட்டித்தான் எழுதினேன். ஆனால் நான் பிறந்தது மே 5. எப்படிப் புரட்டினாலும் ஒன்றுதான்.

உங்கள் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் அடியில் பாருங்கள். இரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். வெறும் கிறுக்கல் போலத் தெரியும். இரண்டாம் வரியில் உங்கள் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்று ஆறு இலக்கங்களில் இருக்கும். 1932 நவம்பர் 7 என்றால் 321107. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் இதே வரிசை. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை அது. ஆளுக்கு ஒரு வழக்கம், நாட்டுக்கு ஒரு வழக்கம் என்ற தொல்லையே வேண்டாமென்று இயந்திரத்துக்கு ஒரே வரிசையைக் கொடுத்துவிட்டார்கள். மனிதனுக்குக் கொடுத்தது கட்டத்துக்கு மேலே மூன்று சொற்கள். அவற்றைப் படித்தால் போதும். படிக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை நான் செலவு செய்யவில்லை. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக எனக்குள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

குடியேற்ற வரிசையில் அவர் எனக்குப் பின்னால் நின்றார். என்னை விட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அதிகாரி அட்டையில் விரலை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவருக்குப் புரியவில்லை. அவர் என் பக்கம் கையைக் காட்டினார். அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் நடந்துவிட்டேன். புதிய அட்டையைக் கொடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்புவது தெரிந்தது. போய் உதவியிருக்கலாம். தப்பு என்னுடையது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் விவரம் தெரியாதவன் ஆகிவிடுவேனே!

பெட்டிகள் சுற்றிவந்தன. எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரே ஒரு பெட்டி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏறும்போது அவர் அதைப் பிரிய மனமில்லாமல் ஒப்படைத்ததைப் பார்த்திருக்கிறேன். இறக்கிவைத்து, பக்கத்தில் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“வெளியே போவது எப்படி?”

“தெரியாது ஐயா. எனக்கும் இதுதான் முதல்முறை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிறகு ஏன் எழுதித் தந்தாய்?” என்றார். விமானத்தில் இருந்த மரியாதை போயிருந்தது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு, வழியில் நின்ற காவலரிடம் கையால் சைகை காட்டிக் கேட்டு, எனக்கு முன்பே வெளியே போய்விட்டார்.

நீங்கள் கேட்டவற்றில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். தங்கப்போகும் இடத்தின் முகவரியைக் காகிதத்திலும் எழுதிவையுங்கள், தொலைபேசி அணைந்துபோகலாம். கைப்பையில் ஒரு பேனா இருக்கட்டும். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் பேனாவை மட்டும் கொடுங்கள். எழுதித் தரச் சொன்னால், நீங்களும் முதல்முறை என்று சொல்லிவிட்டு, கட்டத்துக்கு மேலே இருப்பதை அவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டி எழுதுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள்.