தேவகோட்டையில் ஒருவர், பெங்களூருவில் ஒருவர்

"பெங்களூரு அலுவலகத்தில் ஒரு ஆள், தேவகோட்டையில் அப்பச்சி (அப்பா) முன்னால் வேறு ஆள், பேச்சுகூட மாறிவிடுகிறது. எது நடிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. எனக்கு வயது 58, காரைக்குடி. இரண்டுமே நடிப்பில்லை என்பேன்.

நம் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வழக்கத்தையே பாருங்கள், கோவிலை வைத்துத்தான் நம் பிரிவுகள். இளையாத்தங்குடிக் கோவில்காரர் வீட்டில் பிறந்த பையனை மாத்தூர்க் கோவில்காரர் பிள்ளை கூட்டிக்கொண்டால் (தத்தெடுத்தால்), அதன்பிறகு அவன் மாத்தூர்தான். கல்யாணம் ஆனதும் மனைவியோடு சேர்த்து ஒரு புள்ளி, அதாவது சமூகக் கணக்கில் ஒரு குடும்பம். ரங்கூனில் கடை வைத்தவருக்கோ, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த விலாசம், அதாவது வியாபாரப் பெயர், தனி. அங்கே அதுதான் ஆள்! யாரும் அவரைப் போலி என்று சொல்லவில்லை. 1890-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவனை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக முகங்கள் அவனுக்கு உண்டு என்று எழுதிவிட்டார்.

சரி, பேச்சு மாறுவதை விடுங்கள். ஆத்தாவிடம் பேசுகிற மாதிரியா மேனேஜரிடம் பேச முடியும்? ஆனால், இரண்டு வருடமாகப் பழகும் பெண்ணைப் பற்றி வீட்டில் மூச்சே விடவில்லை என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அது இன்னொரு முகம் அல்ல, மறைப்பது.

முதலில் ஆச்சியிடம் (அக்காவிடம்) சொல்லுங்கள். உடன்பிறந்தவர், அப்பச்சியின் மனநிலை தெரிந்தவர். கல்யாண வீட்டில் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள், பங்காளிகள் எல்லாம் கூடியிருப்பார்கள். சாதாரண நாளில், மதியச் சாப்பாடு முடிந்து அப்பச்சி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) காற்றாட உட்கார்ந்திருக்கும் நேரம் பாருங்கள்.