இருட்டிய பிறகு வாசலில் உட்கார்ந்து டியூ கேட்கலாமா?

கேள்வி: குழு லோனில் 40,000 ரூபாய் வாங்கினேன். வாராவாரம் டியூ. கணவருக்குக் கை முறிந்துவிட்டதால் மூன்று வாரமாகக் கட்டவில்லை. கூச்சத்தில், குழுவாகக் கூடி டியூ கட்டும் சென்டருக்கும் போகவில்லை. வசூலுக்கு வரும் தம்பி ராத்திரி ஏழு மணிக்கு மேல் வந்து, பணம் வாங்காமல் நகரமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். எதிர்வீட்டிலும் போய்ச் சொல்கிறார். "ஆபீஸ் சுவரில் நடத்தை நெறி ஒட்டியிருக்கிறீர்களே" என்றேன். "அது கம்பெனிகள் தாங்களாக எழுதிக்கொண்டது, சட்டம் இல்லை" என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் உண்மை, சகோதரி. கடன் நிறுவனங்களின் சங்கங்களான எம்ஃபின், சா-தன் இரண்டும் சேர்ந்து எழுதிய நெறி ஒன்று இருக்கிறது. ஆனால் வசூல் நடத்தையை நிறுவனங்களின் இஷ்டத்துக்கு ரிசர்வ் வங்கி விட்டுவைக்கவில்லை. 2010-இல் ஆந்திராவில் வசூல் கெடுபிடி பெரும் பிரச்சினையாகி, அந்த மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கியின் பிடி இறுகியது. குழு லோன் போன்ற சிறு கடன்களுக்காக 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகள், ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் எல்லாக் கடன் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். சுவரில் ஒட்டியிருக்கிறதே, அதை ஒட்டச் சொன்னதும் ரிசர்வ் வங்கிதான். வசூல் ஆள் தவறாக நடந்தால் நிறுவனமே பொறுப்பு என்ற உறுதிமொழி அதிலும் கடன் ஒப்பந்தத்திலும் இருந்தாக வேண்டும்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது, போனும் செய்யக்கூடாது. மிரட்டுவது, திட்டுவது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, கடன் வாங்கியவர் பெயரை ஊருக்குச் சொல்வது எல்லாமே தடை.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் அங்கே போகாவிட்டால், வீட்டுக்கு வர அவர்களுக்கு வழி பிறந்துவிடுகிறது. அதனால் கையில் காசு இல்லாவிட்டாலும் சென்டருக்குப் போய் முகம் காட்டுங்கள். வெறுங்கையோடு போவது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் போங்கள்.

அப்புறம், லோன் கார்டை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். புகார் கேட்கும் அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருக்கும். அபராதம் போட்டிருந்தால், கட்டாமல் விட்ட டியூவுக்கு மட்டும்தானா என்று பாருங்கள். மொத்தக் கடனுக்கும் போடக்கூடாது.

புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். "அடிக்கடி வருகிறார்" என்று எழுதினால் போதாது. "செவ்வாய்க்கிழமை இரவு 7.20-க்கு வந்தார், 8.40 வரை இருந்தார், எதிர்வீட்டில் இன்னது சொன்னார்" என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

புகார் கொடுத்தாலும் கடன் கடன்தான், கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கட்ட முடியாமல் திணறுபவர்களை அடையாளம் கண்டு, பேசி, வழிகாட்ட நிறுவனம் ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு நகலைப் புகாரோடு இணைத்து, தவணையை மாற்றித் தரும்படி அதிலேயே கேளுங்கள்.