கேள்வி-பதில்: பிரியாணி யார் வாங்குவது?

கேள்வி: என் அப்பா 1980-இல் சென்னைக்கு வந்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நேரில் பார்த்தவர். அலி, பிரேசியர், ஃபோர்மன், டைசன் என்று கேட்டே வளர்ந்தேன் நான். "அமெரிக்காவின் ஹெவிவெயிட் காலம் மலையேறிவிட்டது" என்கிறான் என் நண்பன். 2025 முடிவில் உலகின் முதல் ஐந்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வீரர்களில் ஒரு அமெரிக்கராவது இருப்பார் என்று அவனிடம் பிரியாணி பந்தயம் கட்டிவிட்டேன். இன்றைய அமெரிக்க வீரர்களைத் தரவரிசைப்படுத்த முடியுமா? ஐந்தில் அமெரிக்கரே இல்லை என்றால், அந்தப் பிரிவே பலவீனமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அது உங்கள் வரி இல்லை, அமெரிக்க விளையாட்டு நிருபர்களின் வரி. உக்ரைனின் கிளிட்ச்கோ சகோதரர்கள் உலகப் பட்டங்களைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் ஆரம்பித்த பாட்டு அது. தம்பி விளாதிமிர் 2006 முதல் 2015 வரை சாம்பியன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஹெவிவெயிட் செத்துவிட்டது, யாரும் பார்ப்பதில்லை" என்று நியூயார்க்கில் எழுதினார்கள். அதே சமயம் ஜெர்மனியில் கால்பந்து மைதானங்கள் நிரம்பி வழிந்தன. நம் வீட்டில் விசேஷம் இல்லை என்பதால் ஊரிலேயே விசேஷம் இல்லை என்று சொல்வது மாதிரிதான் இது.

அவர்களுக்கு அந்த எண்ணம் வந்ததிலும் ஆச்சரியமில்லை. 1960-இல் ஸ்வீடனின் யோஹான்சனிடமிருந்து ஃப்ளாய்ட் பேட்டர்சன் பட்டத்தை மீட்டார். அதற்குப் பிறகு 1983-இல் தென்னாப்பிரிக்காவின் கெர்ரி குட்சீ ஒரு பட்டத்தைப் பிடிக்கும்வரை 23 வருடம் வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட சாம்பியன் ஆகவில்லை. உங்கள் அப்பா பார்த்தது அந்தக் காலத்தை.

இப்போது 2025 முடிவுக்கு வாருங்கள். என் ஐந்து பேர்: உக்ரைனின் உசிக், இங்கிலாந்தின் வார்ட்லி, ஜெர்மனியின் கபாயெல், இங்கிலாந்தின் டுபுவா, நியூசிலாந்தின் பார்க்கர். 2025 ஜனவரியில் ஓய்வு என்று அறிவித்துவிட்டு அந்த வருடம் முழுக்க ஒதுங்கியிருந்த ஃபியூரியைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தாலும் அவரும் ஆங்கிலேயர்தான். முதல் இடத்தைத் தவிர மற்ற நான்கையும் நீங்கள் எப்படி மாற்றி அடுக்கினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அமெரிக்கரை நுழைக்க இடமில்லை. பட்டியலைப் பத்துப் பேருக்கு நீட்டினாலும் இங்கிலாந்தின் ஜோஷுவா, சீனாவின் ஜாங், இருபது வயதைத் தாண்டியதுமே எல்லாரையும் மிரட்டும் இடாவ்மா என்று வரிசை இருக்கிறது. பலவீனமான பிரிவு என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 1970-களோடு ஒப்பிட மாட்டேன், அது வேறு உலகம். ஆனால் 2000-களின் நடுவில் இருந்த வறட்சியோடு ஒப்பிட்டால் இது அடைமழை.

சரி, கேட்டதற்காக அமெரிக்க வரிசை.

முதலில் ரிச்சர்ட் டோரஸ் ஜூனியர். கலிஃபோர்னியாவின் டுலேர் ஊர்க்காரர், இடது கைக்காரர், டோக்கியோ ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் வெள்ளி. தொழில்முறையில் 2025 முடியும்வரை தோல்வி இல்லை. 2025 ஏப்ரலில் இத்தாலியின் வியானெல்லோவைப் புள்ளிக் கணக்கில் வென்றதுதான் அதுவரை அவர் எழுதிய பெரிய பரீட்சை. அதில் தேறினார், ஆனால் முதல் வகுப்பு இல்லை. குனிந்து உள்ளே புகுந்து அடித்துக்கொண்டே இருப்பவர், பார்க்க நன்றாக இருக்கும். முதல் இடத்தை அரை மனதோடுதான் தருகிறேன், தர வேறு ஆள் இல்லை.

இரண்டாவது ஜெர்மெய்ன் ஃபிராங்க்ளின். ஆச்சரியமாக இருக்கிறதா? டிலியன் வைட், ஜோஷுவா இருவரிடமும் தோற்றவர்தான். ஆனால் இரண்டு முறையும் இங்கிலாந்துக்கே போய், முழுப் பன்னிரண்டு ரவுண்டும் நின்று தோற்றவர். 2025 செப்டம்பரில் கஜகஸ்தானின் டிச்கோவையும் வென்றார். நல்ல ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து), கெட்டித் தாடை.

மூன்றாவது ஆண்டி ரூயிஸ். 2019 ஜூனில் மாற்று ஆளாக வந்து மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் சாய்த்தவர். ஆறே மாதத்தில் 283 பவுண்டு உடம்போடு மறு போட்டிக்கு வந்து பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஆறு வருடத்தில் மூன்றே சண்டை. கையில் அத்தனை வித்தை இருந்தும் இப்படி. இவரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவில் பிறந்திருந்தாலும் இவரைச் சொந்தம் கொண்டாடுவது மெக்சிகோ ரசிகர்கள்தான். அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

பிறகு ஜாரெட் ஆண்டர்சன், டியான்டே வைல்டர். ஆண்டர்சனை அடுத்த சாம்பியன் என்று மூன்று வருடம் தூக்கிப் பிடித்தார்கள். 2024 ஆகஸ்டில் காங்கோவின் பகோலே ஐந்தே ரவுண்டில் கதையை முடித்தார். வைல்டருக்கு 2025-லேயே நாற்பது வயது ஆகிவிட்டது. வலது கைக் குத்தின் பலம் இன்னும் இருக்கிறது, அதை விடும் துணிவுதான் போய்விட்டது. பார்க்கரும் ஜாங்கும் அதை ஊருக்கே காட்டினார்கள்.

அந்த வைல்டர்தான் கடைசி ஆள் என்பதை மறக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் ஃபியூரியிடம் அவர் பட்டத்தை இழந்த பிறகு எந்த அமெரிக்கரிடமும் முதன்மைப் பட்டம் இல்லை. (ட்ரெவர் பிரையனிடம் ஒன்று இருந்ததே என்று யாராவது கடிதம் போடுவீர்கள். சாம்பியன் ஒருவர் இருக்கும்போதே, பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஏ விற்ற இரண்டாம் நம்பர் பெல்ட் அது. டுபுவா அதையும் மயாமிக்கே போய் வாங்கிக்கொண்டார்.)

காரணம் கேட்டால் எல்லாரும் அமெரிக்கக் கால்பந்தைக் கைகாட்டுவார்கள். ஆறரை அடி ஆள் எதற்கு முகத்தில் குத்து வாங்க வேண்டும்? அந்தக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு 53 பேர். 2025-இல் புதிதாக வருபவருக்குக் குறைந்தபட்சச் சம்பளமே வருடத்துக்கு 8.4 லட்சம் டாலர். கல்லூரி உதவித்தொகை தனி. குத்துச்சண்டையையோ, 1960-இல் சார்லி மோர் என்ற மாணவர் போட்டிக் காயத்தில் இறந்ததும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கைகழுவிவிட்டது. சேத் மிட்செல், டொமினிக் பிரெசீல், ஜெரால்ட் வாஷிங்டன் எல்லாரும் கால்பந்து கைகூடாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிதான். உசிக் ராட்சசர் இல்லை. ஆறடி மூன்று அங்குலம், குறைந்த எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர். அந்த அளவில் அமெரிக்காவில் ஆளுக்கா பஞ்சம்? இல்லாதது சொல்லிக்கொடுக்கும் இடம். ஜோஷுவா பதினெட்டு வயதில்தான் கையுறை மாட்டினார். லாட்டரிப் பணத்தில் நடக்கும் ஷெஃபீல்ட் பயிற்சி மையத்தில் பயின்று 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். வைல்டரும் இருபது வயதில் ஆரம்பித்து 2008-இல் வெண்கலம் வாங்கியவர்தான். ஆனால் அவருக்கு அந்த ஒரு வலது கைக்கு மேல் யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை. ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெயிட்டில் அமெரிக்காவின் கடைசித் தங்கம் 1984-இல், டைரெல் பிக்ஸ். அதற்குப் பிறகு கனடா, கியூபா, உக்ரைன், பிரிட்டன், ரஷ்யா, இத்தாலி, பிரான்ஸ், உஸ்பெகிஸ்தான் என்று உலகமே வாங்கிவிட்டது.

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்ட்லி எந்த மையத்திலும் படித்தவர் இல்லை. அலுவலக ஊழியர்கள் பொழுதுபோக்காக மோதும் மேடையிலிருந்து நேரே வந்து சாம்பியன் ஆனவர். விதிவிலக்கு என்று ஒதுக்கப் பார்க்கிறேன், முழுதாக ஒதுக்க முடியவில்லை.

அமெரிக்காவே இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் 2024 நவம்பரை நினைத்துப் பாருங்கள். டெக்சாஸில் ஒரு யூடியூப்காரரும் 58 வயது டைசனும் மோதியதைத்தான் ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஒரு வருடம் கழித்து அந்த யூடியூப்காரர் ஜோஷுவாவிடம் போனார். தாடை உடைந்து திரும்பினார்.

நண்பருக்கு மட்டன் பிரியாணியாகவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள், அலி கதை சொல்வார்.