வாசகர் கேள்விகள்: வட ஐரோப்பிய வாளும் கேடயமும்

கேள்வி: ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் வீரன் சண்டைக்கு நடுவே வளைந்த வாளைக் காலால் மிதித்து நிமிர்த்துகிறான். இது நடக்கக்கூடியதா?

பதில்: நடக்கும். லாக்ஸ்டேலா சாகாவில் ('சாகா' என்பது இந்த ஐஸ்லாந்துப் பழங்கதைகளின் பெயர்) கியார்ட்டன் என்ற வீரன் தன் கடைசிச் சண்டையில் இதைத்தான் செய்கிறான். அவன் கையில் இருந்தது நல்ல வாள் அல்ல என்பதையும் கதை மறைக்கவில்லை. அக்கால உலையில் இரும்பு உருகி ஓடாது. கசடு கலந்த கட்டியாகத்தான் வெளிவரும், அதில் கார்பனும் ஒரே சீராக இராது. கார்பன் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால், காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அலகு கடினமாகாது. அடி பட்டதும் வளைந்து அப்படியே நின்றுவிடும். 0.8 வரை ஏறினால் கூர் நிற்கும், ஆனால் சட்டென்று தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம். அதனால்தான் தேர்ந்த கொல்லர்கள் நடுவில் மெல்லிரும்பும் இரு ஓரங்களில் எஃகும் வைத்து அடித்து ஒட்டினார்கள். ஒட்டும் இடத்தில் கசடு சிக்கினால் சண்டையில் அந்த இணைப்புதான் முதலில் பிளக்கும்.

கேள்வி: வைக்கிங் (அக்கால வட ஐரோப்பியக் கடலோடி வீரர்) கேடயம் எவ்வளவு தடிமன்? வாள்வெட்டைத் தாங்குமா?

பதில்: திரைப்படங்களில் வரும் இரும்பு விளிம்பு போட்ட தடித்த பலகையை மறந்துவிடுங்கள். நார்வேயின் சாண்டெஃபியோர்டு அருகே 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள் இருந்தன. மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பூசியவை. குறுக்களவு சுமார் 94 செ.மீ., பலகையின் தடிமனோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. டென்மார்க்கின் டிரெலபோர்கில் 2008-இல் கிடைத்த பைன் மரக் கேடயம் ஏறக்குறைய 80 செ.மீ.

ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் பிடிக்கும் முறை. முன்கையை நுழைக்கும் பட்டை கிடையாது. பலகைகளை ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்து, நடுவில் துளையிட்டு, அதன்மேல் இரும்புக் குமிழை ஆணியடிப்பார்கள். பின்புறம் குறுக்கே ஓடும் கட்டையை அந்தக் குமிழுக்குள் கைவைத்துப் பிடிக்க வேண்டும். முழுப் பாரமும் ஒரே மணிக்கட்டில் இறங்குவதால், கனமான கேடயம் கையைச் சோரவைத்துவிடும். வெட்டை நேராக ஏற்பதைவிடச் சாய்த்துத் தள்ளிவிடுவதுதான் இதற்கு ஏற்ற முறை.

உடையும் என்பது அவர்களுக்கே தெரியும். கோர்மாக் சாகா சொல்லும் தனிச்சண்டை விதியில், ஐந்து முழச் சதுரத் துணிமேல் நிற்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று கேடயங்கள் உண்டு. மூன்றும் போன பிறகு ஆயுதத்தால் மட்டுமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கல்லறைகளில் மரம் மக்கிப்போய்க் குமிழும் ஆணிகளும் மட்டுமே மிஞ்சுகின்றன. அதிலும் ஒரு நல்ல தடயம் இருக்கிறது: குமிழின் விளிம்பிலிருந்து, பின்னால் மடக்கிய ஆணிமுனை வரையுள்ள இடைவெளியை அளந்தால் பலகையின் தடிமன் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்கோஃப்னுங் வாளிலிருந்து பாம்பு ஊர்ந்து வந்தது என்கிறார்களே?

பதில்: அதுவும் கோர்மாக் சாகாதான். பிடிமேல் வெயில் படக்கூடாது. உருவியதும் அலகின்மேல் ஊத வேண்டும். சிறு பாம்பு வெளிவரும், அது திரும்பிப் போக வாளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கதைநாயகன் கோர்மாக் இதை மதிக்கவில்லை, வாளின் நற்பேறு கெட்டது. வெவ்வேறு இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்து அடித்த அலகில், மெருகிட்டு அமிலம் பட்டதும் நெளிநெளியான கோடுகள் தெரியும். மூச்சின் ஈரத்தில் தெரிந்த அந்தக் கோடுகளே பாம்பாகியிருக்கும் என்ற விளக்கம் எங்களுக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: 'உல்ஃபபெர்ட்' என்று எழுதிய வாள்கள் எல்லாம் ஒரே கொல்லன் செய்தவையா?

பதில்: இருக்க முடியாது. 9-ஆம் நூற்றாண்டு முதல் 11 வரை வருகின்றன. ஒருவர் ஆயுளில் அடங்காது. எழுத்துப் பிழையான பெயரோடும் பல கிடைத்துள்ளன.

கேள்வி: கல்லறை வாள்கள் ஏன் மடங்கிக் கிடக்கின்றன?

பதில்: சிதையில் பழுத்த வாளை வேண்டுமென்றே மடக்கிப் புதைத்தார்கள். அந்த நெருப்பில் இரும்பின்மேல் படியும் கரிய ஆக்சைடு தோல் துருவைத் தடுப்பதால், இவை பிணத்தோடு எரியாமல் புதைந்த வாள்களைவிட நன்றாக மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அதே சூடு எஃகின் கடினத்தைப் போக்கிவிடும். இவற்றின் கடினத்தை அளந்து கொல்லனின் திறமையை எடைபோடக் கூடாது.